கடலியல் அறிமுக வகுப்பும் சைக்கிள் வேகச் சுனாமியும்

அந்த செமஸ்டரில் என் துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுத்தே ஆக வேண்டும். பட்டியலில் 'கடலியல்: ஓர் அறிமுகம்' கண்ணில் பட்டது. திமிங்கலம், பவளப்பாறை, நீல நீலமாகப் படங்கள், கடைசியில் ஒரு படகுப் பயணம், மதிப்பெண்ணும் தானாக வந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டுச் சேர்ந்தேன். முதல் வகுப்பில் பேராசிரியர் பலகையில் எழுதிய முதல் சொல் 'அடர்த்தி'. இரண்டாவது வகுப்பிலும் அதே சொல்தான். ஐந்து வாரம் ஆகியும் ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

இந்தப் பாடத்தை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலியல் என்பது ஒற்றை அறிவியல் இல்லை. கடலடி நிலவியல், கடல்நீரின் வேதியியல், அலையும் நீரோட்டமும் பேசும் இயற்பியல், அதற்கப்புறம்தான் உயிரியல். நான்கையும் ஒரே செமஸ்டரில் தொட்டுவிட்டுப் போவார்கள். கணக்கு பள்ளிக்கூட அளவைத் தாண்டாது: வர்க்கமூலம், கொஞ்சம் மடக்கை, திசை பார்த்து அம்புக்குறி போடுவது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னக் கணக்கில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். அது பின்னால் வருகிறது.

முதல் ஆய்வக வகுப்பில் மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள் இருந்தன. ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் உப்புத் தண்ணீர், இரண்டும் அறை வெப்பநிலையில். இரண்டிலும் நீலச் சாயம் கலந்து உறைய வைத்த ஐஸ் கட்டி ஒவ்வொன்றைப் போடப்போகிறோம், எது முதலில் கரையும் என்று கேட்டார் பேராசிரியர். உப்பு போட்டால் ஐஸ் உருகும் என்பது யாருக்குத்தான் தெரியாது? நான் கையைத் தூக்கி, "உப்புத் தண்ணியிலதான் சார்" என்றேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என் பக்கம்.

நல்ல தண்ணீரில் இருந்த ஐஸ் முதலில் கரைந்து முடிந்தது. அதுவும் கொஞ்ச வித்தியாசத்தில் இல்லை. உப்புத் தண்ணீர்க் குவளையில் பாதிக் கட்டி இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அப்போதுதான் சாயத்தைக் கவனித்தேன். நல்ல தண்ணீரில் நீலம் இழை இழையாகக் கீழே இறங்கிக் குவளை முழுக்கப் பரவியிருந்தது. உப்புத் தண்ணீரில் நீலம் கீழே இறங்கவே இல்லை, மேலே ஒரு விரல் தடிமனுக்கு மூடி போட்ட மாதிரி நின்றது. உருகி வரும் குளிர்ந்த நீர், அறை வெப்பநிலையில் உள்ள நல்ல தண்ணீரைவிடக் கனம். அதனால் மூழ்குகிறது, அந்த இடத்துக்குச் சூடான நீர் வருகிறது, ஐஸ் வேகமாகக் கரைகிறது. உப்புத் தண்ணீரோ அதைவிடக் கனம். உருகிய நீர் மேலேயே தங்கிக் கட்டியைச் சுற்றிக் குளிர்ப் போர்வை போர்த்திவிடுகிறது. உப்பின் வேதியியல் அங்கே பேசவே இல்லை, பேசியது அடர்த்தி. அந்தப் பாடத்தில் தெரிந்துகொண்டதெல்லாம் கடைசியில் இந்த இரண்டு குவளைகளில்தான் வந்து நிற்கிறது. ஆனால் அன்றைக்கு அது உறைக்கவில்லை. மானம் போன கவலைதான் பெரிதாக இருந்தது.

உப்புப் பாடம் சுவாரசியமானது. கடலில் கரைத்த பெருங்காயம் என்று சொல்வோமே, போட்டதன் சுவடே தெரியாது என்ற பொருளில். கடல் வேதியியலில் நிலைமை தலைகீழ், எது கரைந்தாலும் கணக்கு நிற்கிறது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த மாதிரிகளில் 77 எடுத்து வில்லியம் டிட்மர் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தார். மொத்த உப்பு இடத்துக்கு இடம் மாறினாலும், அதில் குளோரைடு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்ற விகிதம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. கரைந்த உப்பில் 55 சதவீதம் குளோரைடு, 30 சதவீதத்துக்குச் சற்று மேல் சோடியம், எந்தப் பெருங்கடலானாலும் அதுதான். அதனால்தான் ஒன்றை அளந்து மற்றதைச் சொல்லிவிட முடிகிறது. இப்போது உப்பைக்கூட அளப்பதில்லை, நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து உப்புத்தன்மையைக் கணக்கிடுகிறார்கள். 1978இல் வந்த அளவுமுறைப்படி அதற்கு அலகே கிடையாது. சராசரிக் கடல்நீரின் உப்புத்தன்மை 35. 35 என்ன என்று கேட்டால், வெறும் 35. ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு என்று மனதில் வைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை. நான் விடைத்தாளில் 'கிராம்' போட்டு ஒரு மதிப்பெண் இழந்தேன். அது கொஞ்சம் அநியாயம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

அடர்த்தியும் அப்படித்தான். கடல்நீர் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ. மேற்பரப்பில் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் கடைசி இலக்கங்களில்தான். அதனால் முன்னால் உள்ள ஆயிரத்தை வெட்டிவிட்டு "இங்கே 25, அங்கே 27" என்று பேசுவார்கள். ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசம் என்னத்தைச் சாதிக்கும் என்று தோன்றும். துருவப் பக்கங்களில் குளிர்ந்து கனமான நீர் மூழ்கி அடியோடு ஊர்ந்து போவதால், நிலநடுக்கோட்டின் வெயிலுக்கு நேர் கீழே 3 கிலோமீட்டர் ஆழத்திலும் நீர் இரண்டு டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் இதை நீளமான கண்ணாடித் தொட்டியில் காட்டினார்கள். நடுவில் தடுப்பு, ஒரு பக்கம் குளிர்ந்த நீலத் தண்ணீர், மறுபக்கம் வெதுவெதுப்பான சிவப்புத் தண்ணீர். தடுப்பை உருவியதும் நீலம் நாக்கை நீட்டிக்கொண்டு சிவப்புக்கு அடியில் நுழைந்தது. போய் மறுமுனையில் மோதித் திரும்பியபோது இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஓர் அலை எழுந்து மெதுவாக, ரொம்ப மெதுவாக நகர்ந்தது. மேலே தண்ணீர் மட்டம் கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது. கடலுக்குள்ளும் இப்படி அலை ஓடும், அதற்கு உள் அலை என்று பெயர் என்றார்கள். அந்த அரை மணி நேரம் வகுப்பில் ஒருவர்கூட போனை எடுக்கவில்லை.

சரி, இடைத்தேர்வு. நீரோட்டப் பாடத்துக்கு நான் செய்தது உலக வரைபடத்தை மனப்பாடம் செய்ததுதான். குரோஷியோ, கல்ஃப் ஸ்ட்ரீம், ஹம்போல்ட், பெங்குவேலா, அகுல்யாஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். கேள்வித்தாளில் ஒரு பெயரைக்கூடக் கேட்கவில்லை. வட அரைக்கோளத்தில் ஒரு கற்பனைக் கண்டம், அதன் மேற்குக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகக் காற்று வீசுகிறது, கரையோரக் கடலின் வெப்பநிலை என்ன ஆகும், மீன்வளம் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். காற்று நீரைத் தெற்கே தள்ளும், வெப்பம் கூடும் என்று எதையோ எழுதிவைத்தேன். நூற்றுக்கு 41.

சரியான விடைக்கு மனப்பாடம் தேவையே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1893இல் நார்வே ஆய்வுப் பயணி நான்சென் தன் ஃபிராம் கப்பலை ஆர்க்டிக் பனியில் வேண்டுமென்றே சிக்கவைத்து மிதக்கவிட்டபோது, பனி காற்றின் திசையிலேயே போகாமல் அதற்கு வலப்புறமாக 20 முதல் 40 டிகிரி விலகிப் போவதைக் கவனித்தார். பூமி சுழல்வதுதான் காரணம் என்பதை எக்மன் என்ற ஸ்வீடன் கடலியலாளர் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். மேலடுக்கு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், வட அரைக்கோளத்தில் நீர் காற்றுக்கு 90 டிகிரி வலப்புறம் போகிறது, தென் அரைக்கோளத்தில் இடப்புறம். இது மட்டும் தெரிந்தால் போதும். காற்று தெற்கே போகிறது, அதன் வலப்புறம் மேற்கு, மேற்கே திறந்த கடல். ஆக நீர் கரையை விட்டு விலகுகிறது. அந்தக் காலி இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வருகிறது. வெப்பநிலை குறையும், பிளாங்டன் என்ற மிதக்கும் நுண்ணுயிர்கள் பெருகும், மீன் கொழிக்கும். மீன் கடைசியில் இப்படி ஓர் அம்புக்குறி வழியாகத்தான் என் பாடத்துக்குள் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். வாரம் ஒருமுறை வெற்று உலக வரைபடம் ஒன்றை எடுத்து, முதலில் காற்றை மட்டும் வரைவேன். அப்புறம் ஒவ்வொரு காற்றுக்கும் 90 டிகிரியில் நீரைத் தள்ளுவேன். வட பெருங்கடல்களின் நடுவில் நீர் எல்லாப் பக்கமிருந்தும் வந்து குவியும். அந்த மேடு பார்க்கப்போனால் ஒரு மீட்டர் உயரம்தான் இருக்கும், ஆனால் பரப்போ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். மேட்டிலிருந்து வழியப் பார்க்கும் நீரைப் பூமியின் சுழற்சி வலப்புறம் திருப்பிவிட, அது மேட்டைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கும். கடிகார திசையில் பெருஞ்சுழல் தயார். பெயர்களைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவது வாரத்தில் பெயரே தானாக நினைவில் நின்றது. இந்த ஒரு பழக்கம்தான் என்னைத் தேற்றியது. குறிப்புகளை வண்ண வண்ணமாகக் கோடிட்டு வைத்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது சைக்கிள் கதை. அலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் நீரின் ஆழம் ரொம்பக் குறைவாக இருக்கும்போது, அலையின் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம். சுனாமியின் அலைநீளம் நூறு கிலோமீட்டரையும் தாண்டும் என்பதால், 4 கிலோமீட்டர் ஆழக் கடல்கூட அதற்கு ஆழமில்லாத குட்டைதான். வீட்டுப்பாடத்தில் 9.8 பெருக்கல் 4 என்று போட்டு, வர்க்கமூலம் எடுத்து, விநாடிக்கு 6.3 மீட்டர் என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடும் போட்டேன். மணிக்கு 22, 23 கிலோமீட்டர். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலில், "சைக்கிளில் தப்பித்துவிடலாமா?" என்று எழுதியிருந்தது. ஆழத்தை மீட்டரில், அதாவது 4000 என்று போட்டிருந்தால் விநாடிக்கு 198 மீட்டர், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஜெட் விமான வேகம் வந்திருக்கும். அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்க, உயரம் ஏறும். விடையை எழுதுவதற்கு முன் அது நடக்கக்கூடியதா என்று ஒரு விநாடி யோசி என்பதை அந்த ஒரு பென்சில் வரி சொல்லிக்கொடுத்த அளவுக்கு வேறெதுவும் சொல்லித்தரவில்லை.

கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குகிறதே, அந்த ஓதத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்கினார்கள். நிலவு இருக்கும் பக்கம் கடல் எழுகிறது, சரி. எதிர்ப்பக்கம் ஏன் எழ வேண்டும்? இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவோம். ஓதத்தை உண்டாக்குவது ஈர்ப்பு அல்ல, ஈர்ப்பில் உள்ள வித்தியாசம். நிலவு தன் பக்கத்து நீரை அதிகமாக இழுக்கிறது, பூமியின் மையத்தைக் கொஞ்சம் குறைவாக, மறுபக்கத்து நீரை இன்னும் குறைவாக. விளைவு, இரண்டு பக்கமும் இழுபட்ட உருவம். வித்தியாசம் என்பதால் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். சூரியனின் நிறை நிலவைப் போல 2.7 கோடி மடங்கு, தூரம் சுமார் 390 மடங்கு. 390ஐ மூன்று முறை பெருக்கினால் 5.9 கோடி. 2.7ஐ 5.9ஆல் வகுத்துப் பாருங்கள், பாதிக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு பெரிய சூரியன் ஓத விஷயத்தில் நிலவின் பாதிகூட இல்லை. இந்தக் கணக்கைத் தேர்வுக்கு முன்னாள் இரவு நானே போட்டுப் பார்த்தேன், விடை சரியாக வந்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே! மறுவாரம் பேராசிரியர், "நான் வரைந்த இரண்டு மேடும் முழுக்க நிலமில்லாத பூமிக்குத்தான்" என்றார். நிஜத்தில் கண்டங்கள் குறுக்கே நிற்பதால் ஓதம் கடற்படுகைகளில் சில புள்ளிகளை மையமாக வைத்துச் சுழல்கிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீர் அசைந்தாடும் இயல்பான காலம் ஓதத்தின் 12 மணி 25 நிமிடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல 16 மீட்டர் வரை ஏறுகிறது. முதலில் எளிய படம், அப்புறம் அதைத் திருத்துவது என்பதே இந்தப் பாடத்தின் போக்கு. முதல் படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றால் கஷ்டம்.

கடலடி நிலவியலை வேகமாகக் கடந்துவிட்டோம், எனக்கும் அதில் சொல்ல நிறைய இல்லை. ஒரு பயிற்சி மட்டும் மறக்காது. ஆழ அளவுகள் நிறைந்த ஒரு அட்டவணையைக் கொடுத்து, பெருங்கடலின் குறுக்குவெட்டை வரைபடத் தாளில் வரையச் சொன்னார்கள். என் படத்தில் மலைமுகடுகள் செங்குத்தாக எழுந்தன. உண்மை அளவில் வரைந்து பார் என்றார்கள். 5000 கிலோமீட்டர் கடலை 1 மீட்டர் தாளில் அடக்கினால் 4 கிலோமீட்டர் ஆழம் 0.8 மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் பெருங்கடலே அடங்கிவிட்டது! 1950களில் மேரி தார்ப் என்ற அமெரிக்க நிலவியலாளர் இப்படித்தான் கப்பல்கள் கொண்டுவந்த ஆழ எண்களை ஒவ்வொன்றாக வரைந்து, அட்லாண்டிக் கடலடி மலைமுகட்டின் நடுவே ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதைக் கண்டார். அந்தக் காலத்தில் பெண் என்பதால் அவரைக் கப்பலிலேயே ஏற்றவில்லை.

பதினோராவது வாரம் படகு. போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குமட்டலுக்கு மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், ஆட்டம் கண்ட பிறகு போட்டால் அதுவும் வெளியேதான் வரும். படகின் நடுப்பகுதியில் நில்லுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முதல் அலைத் தெறிப்பிலேயே கரைந்துவிடும். நீரின் தெளிவைப் பார்க்க 30 சென்டிமீட்டர் அகல வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று குறிப்போம். செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865இல் செய்து பார்த்த முறை இது. நான்கு பேர் பார்த்தோம், 11, 12, 12.5, 14 மீட்டர் என்று நான்கு விடைகள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்த ஒருவன் சொன்னதும் அதில் சேர்த்தி. படகின் நிழல் விழும் பக்கம் நின்று, வெறுங்கண்ணால், இறக்கும்போதும் ஏற்றும்போதும் பார்த்து, சராசரி எடுப்பதுதான் முறை.

நீர் எடுக்க நிஸ்கின் பாட்டில். இரண்டு முனையும் திறந்தபடி கயிற்றில் கீழே போகும். வேண்டிய ஆழம் வந்ததும் மேலிருந்து 'மெசஞ்சர்' என்ற உலோகக் குண்டைக் கயிற்றோடு நழுவவிட்டால், அது போய் இடித்து இரண்டு மூடியும் பட்டென்று மூடிக்கொள்ளும். மேற்பரப்பு, 10, 20, 30 மீட்டர் என நான்கு இடங்களில் எடுத்தோம். கரைக்கு வந்து அளந்தபோது 20 மீட்டர் நீர் குளிர்ச்சியாகவும் உப்பு கூடுதலாகவும் இருந்தது. 30 மீட்டர் நீரோ மேற்பரப்பு நீரின் அச்சு அசல். எங்கள் குழுவுக்கு ஒரே உற்சாகம். அடியில் வெதுவெதுப்பான நீரோட்டம் நுழைந்திருக்கிறது என்று படம் போட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினோம். அறிக்கையைப் பார்த்த ஆராய்ச்சி மாணவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், ஒரே கேள்விதான் கேட்டார்: "இருபதுல கனமான தண்ணி, முப்பதுல லேசான தண்ணி. அது எப்படிப்பா அங்கேயே நிக்கும்?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. பத்து வாரமாக அடர்த்தி, அடர்த்தி என்று கேட்டுக்கேட்டு, கையில் கிடைத்த முதல் சொந்த அளவீட்டில் அதையே பார்க்கத் தவறியிருந்தோம். குறிப்பேட்டைப் புரட்டினால், வாந்திக்கு நடுவில் யாரோ பென்சிலில் கிறுக்கியிருந்தார்கள்: "4ஆம் பாட்டில் இறக்கும்போது படகில் இடித்தது." இடித்ததில் அங்கேயே மூடிக்கொண்டு, மேற்பரப்பு நீரையே சுமந்து கொண்டு முப்பது மீட்டர் போய் வந்திருக்கிறது. ஒன்றரைப் பக்கத்தையும் அடித்துவிட்டு, நடந்ததை மூன்று வரியில் எழுதிக் கொடுத்தோம். அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. விசித்திரமான எண் வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள், கோட்பாடு அப்புறம். குறிப்பேட்டில் 'இடித்தது', 'கயிறு சாய்ந்தது', 'மழை' என்று அற்பமாகத் தோன்றுவதையெல்லாம் எழுதிவையுங்கள். எழுதியது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கடைசித் திட்டப்பணிக்கு 'பருவநிலையும் பெருங்கடலும்' என்று தலைப்புக் கொடுக்கப் போனேன். பேராசிரியர் சிரித்துவிட்டு, "ஒரே ஒரு மிதவையை எடுத்துக்கோ" என்றார். ஆர்கோ திட்டத்தில் உலகக் கடல்கள் முழுக்க ஏறத்தாழ 4000 தானியங்கி மிதவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1000 மீட்டர் ஆழத்தில் நீரோடு மிதந்து, பத்து நாளைக்கு ஒருமுறை 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். தரவு யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வட அட்லாண்டிக்கில் ஒன்றைப் பிடித்து ஓராண்டு அளவீடுகளை வரைந்தேன். ஆழம் கீழ்நோக்கி வளரும் அந்த அச்சு முதலில் கண்ணைக் குழப்பும், பூஜ்யம் மேலே இருக்கிறது என்று பழக ஒரு நாள் ஆகும். கோடையில் வெதுவெதுப்பான மேலடுக்கு மெல்லிசாக நின்றது. குளிர்காலத்தில் காற்றும் குளிரும் கலக்கக் கலக்க அது இருநூறு மீட்டருக்கும் கீழே இறங்கியது. ஒவ்வொரு வரைபடத்திலும் அடர்த்தி கீழே போகப் போகக் கூடுகிறதா என்று முதலில் சரிபார்த்தேன். கூடியது.

அந்த மிதவையின் எண் இன்னும் என் நோட்டின் பின்னட்டையில் இருக்கிறது. பாடம் முடிந்து எட்டு மாதம் கழித்து ஏதோ ஞாபகத்தில் தேடிப் பார்த்தேன். நான் வரைந்த இடத்திலிருந்து வடகிழக்கே நகர்ந்திருந்தது. கடைசி அளவீடு ஆறு நாளைக்கு முன்னால் வந்தது, மேலடுக்கு மறுபடி இறங்க ஆரம்பித்திருந்தது.